வியாதிகளின் பெயரும் அர்த்தமும்

நம் நாட்டில் ஒரு மனிதனுக்கு வியாதி வந்தால், மருந்து கிடைப்பதற்கு முன் அந்த வியாதிக்கு ஒரு பெயர் கிடைத்து விடுகிறது. ஜுரம் கண்ட குழந்தையைச் சுற்றி நாலு பேர் கூடினால், ஒருவர் சூடு என்பார். மற்றொருவர் தோஷம் என்பார். மூன்றாமவர் கண்ணேறு என்பார். நாலாமவர் காற்று கருப்பு என்பார். பெயர் கிடைத்தவுடன் வீட்டாருக்கு வியாதியே இன்னதென்று தெரிந்து விட்டது போன்ற ஒரு திருப்தியும் ஏற்பட்டு விடுகிறது. அது மாத்திரமல்லாமல், வைத்தியம் என்ன, வைத்தியன் யார், அவனுக்குக் கூலி எவ்வளவு என்பவைகளும் அந்தப் பெயருக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. தோஷம் என்றால் ஜோசியன் வந்தாக வேண்டும். கண்ணேறு என்றால் மிளகாயும் உப்பும் அடுப்புக்குப் போக வேண்டும். அம்மை என்றால் பூசாரிக்கு ஆள் போக வேண்டும். ஆகவே வியாதியின் பெயர் என்பது, நோயாளி எந்த வாசலில் போய் நிற்க வேண்டுமென்று காட்டுகிற கைகாட்டி மரமாக இருந்து வருகிறது. கைகாட்டி தப்பான பக்கம் திரும்பியிருந்தால், நம்பிப் போகிறவனுடைய கதி என்னவாகும்? ஆதலால், நாம் தினமும் வாயில் வழங்குகிற சில வார்த்தைகளுக்கு உண்மையான அர்த்தம் என்ன என்பதை இந்த வாரம் கொஞ்சம் விசாரிக்க விரும்புகிறோம்.

இந்த மடமை நம்மவர்களுக்கு மாத்திரம் சொந்தம் என்று நாம் சொல்ல வரவில்லை. வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர்களின் யோக்கியதையும் ஆதியில் இப்படித்தான் இருந்தது. மலேரியா என்ற வார்த்தைக்கு இத்தாலி பாஷையில் கெட்ட காற்று என்று அர்த்தம். நம்முடைய “காற்று கருப்பு”க்கும் அதற்கும் வித்தியாசம் அதிகமில்லை. இன்புளூயன்சா என்றால் நட்சத்திரங்களின் ஆதிக்கம். அதாவது அசல் கிரகக் கோளாறு. ஹிஸ்டீரியா என்பது கர்ப்பப்பையைக் குறிக்கும் கிரேக்க வார்த்தையிலிருந்து வந்தது. ஸ்திரீகளுக்கு மனக்கலக்கம் வந்தால் கர்ப்பப்பையின் மேல் பழி போட்டார்கள். ஆனால் பிறகு நடந்தது என்ன? 1880ம் வருஷத்தில் லாவரான் என்பவர் அல்ஜீரியாவில் மலேரியா நோயாளியின் இரத்தத்தில் ஒரு நுண்ணுயிரைக் கண்டார். 1897ம் வருஷத்தில் ரொனால்டு ராஸ் நம் நாட்டுச் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றை அறுத்து, அந்த உயிர் அங்கே குடியிருப்பதைக் கண்டார். அன்றிலிருந்து மலேரியா என்ற பெயர் மட்டும் மிஞ்சிற்று; கெட்ட காற்று என்ற அர்த்தம் ஒழிந்து போயிற்று. இன்புளூயன்சா ஒரு வைரஸால் வருவதென்று 1933ல் தெரிந்தபின் நட்சத்திரத்தை யாரும் தேடவில்லை. ஹிஸ்டீரியா என்ற பெயரையே அமெரிக்க மனநோய் வைத்தியர்கள் 1980ல் தங்கள் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கி விட்டார்கள். பெயர் பழையதாக இருப்பதில் நமக்கு ஆக்ஷேபணை இல்லை. பழைய பெயரோடு பழைய அர்த்தத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, அதை மாற்றினால் தெய்வக் குற்றம் என்பதுதான் நமக்கு ஆக்ஷேபணை.

அம்மை என்ற வார்த்தையை எடுத்துக் கொள்வோம். இதைவிட அதிகமான உயிரைப் பலி வாங்கிய வார்த்தை தமிழில் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். அம்மை என்றால் தாய், அதாவது மாரியாத்தாள். அவள் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்றும், முத்துப் போட்டிருக்கிறாள் என்றும், மருந்து கொடுத்தால் கோபித்துக் கொள்வாள் என்றும், தண்ணீர் ஊற்றித் தலை முழுகினால் இறங்கிப் போவாள் என்றும் சொல்லுவார்கள். இந்த ஒரே பெயருக்குள் எத்தனை வியாதிகளை அடைத்திருக்கிறார்கள் பாருங்கள். பெரியம்மை ஒரு வைரஸால் வருவது. சின்னம்மை அதற்குச் சம்பந்தமேயில்லாத வேறொரு வைரஸால் வருவது. தட்டம்மை, அதாவது மணல்வாரி, மூன்றாவது ஒன்றால் வருவது. கன்னமும் தாடையும் வீங்குகிற அம்மைக்கட்டு நாலாவது ஒன்றால் வருவது. இந்த அம்மைக்கட்டுக்குப் பொன்னுக்கு வீங்கி என்றும் பெயர் வைத்துக் கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டு விடுகிறார்கள். சங்கிலி போட்டாலும் போடாவிட்டாலும் வீக்கம் பத்து நாளில் வடிந்து விடும். ஆனால் பெயர் வாங்குவது சங்கிலி. தங்கமில்லாத ஏழை வீட்டுக் குழந்தைக்கும் வீக்கம் வடிகிறதே என்று ஒருவராவது கேட்பதில்லை.

பெரியம்மையின் கதை எல்லோரும் தெரிந்து கொள்ள வேண்டியதாகும். 1796ம் வருஷத்தில் எட்வர்டு ஜென்னர் என்ற இங்கிலீஷ் வைத்தியர், மாட்டம்மை கண்ட பால்காரப் பெண்ணின் கையிலிருந்த கொப்புளத்தின் நீரை எடுத்து, எட்டு வயதுப் பையன் ஒருவனுக்குக் குத்தினார். பிறகு பெரியம்மையின் நீரையே குத்திப் பார்த்தும் அவனுக்கு அந்த வியாதி வரவில்லை. வாக்சின் என்று இன்று வழங்குகிற வார்த்தை லத்தீன் பாஷையில் பசுவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். 1802ல் பம்பாயில் ஒரு மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு அந்த அம்மைப்பால் முதன் முதலில் குத்தப்பட்டது. கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிடியூட்டும் அம்மைப்பால் தயாரிப்பதற்காகவே ஏற்பட்டதாகும். அம்மை குத்துகிறவர் ஊருக்கு வந்தால் குழந்தைகளைக் குதிருக்குள் ஒளித்து வைத்த காலமும் உண்டு. இருந்தும் வேலை நிற்கவில்லை. இந்தியாவில் 1975ம் வருஷம் மே மாதத்தோடு அந்த வியாதி நின்று போயிற்று. உலகத்தில் இயற்கையாக அது கண்ட கடைசி மனிதர் 1977ல் சோமாலியாவில் இருந்தவர். 1980ல் உலகத்தில் பெரியம்மையே இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்து விட்டது.

மாரியாத்தாள்தான் பெரியம்மை என்று சொன்னவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். 1975க்குப் பிறகு அவள் எங்கே போனாள்? கோபம் தீர்ந்து விட்டதா? எந்தக் கோவிலில், எந்தக் கூழ் வார்த்ததில் தீர்ந்தது? வேப்பிலையும் கூழும் பல நூறு வருஷங்களாக இருந்துதான் வந்தன. அப்பொழுதெல்லாம் குழந்தைகள் செத்துக் கொண்டும், கண் போய்க் கொண்டும்தானே இருந்தார்கள்?

பெரியம்மை ஒழிந்தும் பெயர் ஒழியவில்லை. அதற்குச் செய்து வந்த மரியாதைகளையெல்லாம் இன்று தட்டம்மைக்கும் சின்னம்மைக்கும் மாற்றி விட்டார்கள். இதில்தான் ஆபத்து இருக்கிறது. தட்டம்மை சாதாரண வியாதியல்ல. தடுப்பூசி போடாத பத்துக் குழந்தைகள் ஒரு நோயாளியோடு நெருங்கியிருந்தால் ஒன்பது குழந்தைகள் வரையில் அது தொற்றிக் கொள்ளும். நுரையீரல் ஜுரமும் பேதியும் அதோடு சேர்ந்து வந்து குழந்தையைக் கொல்லும். உடம்பில் வைட்டமின் ஏ குறைந்த குழந்தைக்குக் கண்ணைக் கெடுக்கும். மற்ற வியாதிகளை எதிர்க்க உடம்பு முன்பு கற்றுக் கொண்டிருந்ததையும் தட்டம்மை மறக்கச் செய்து விடுகிறது. 2019ல்தான் அது விளக்கமாக வெளிவந்தது. இப்படிப்பட்ட வியாதி கண்ட குழந்தைக்கு மூச்சு வாங்கும்போது, “தாய் விளையாடுகிறாள்” என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல் வைத்திருந்தால், அதற்கு என்ன பெயர் சொல்வது?

இங்கு அக்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லி விடுகிறோம். அக்கி கண்டால் குயவரிடம் போய்க் காவியைக் குழைத்து அதன் மேல் எழுதிக்கொண்டு வருவது வழக்கம். சின்ன வயதில் சின்னம்மை கண்டவனுடைய உடம்பில் அந்த வைரஸ் சாகாமல் நரம்பின் வேரில் பதுங்கியிருந்து, வயதான காலத்திலோ உடம்பு தளர்ந்த காலத்திலோ அந்த ஒரு நரம்பு ஓடும் வழியிலேயே கொப்புளமாகக் கிளம்புவதுதான் அக்கி என்பது. அதனால்தான் அது பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டை போட்டது போல வருகிறது. கொப்புளம் கண்ட இரண்டு மூன்று நாளைக்குள் மருந்து சாப்பிட்டால் குணம் தெரியும். கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் ஒரு நாள் கூடத் தாமதிக்கக் கூடாது. குயவர் தோழர்கள் நமக்குச் சட்டி பானை செய்து கொடுக்கட்டும். நரம்பை அவர்கள் தலையில் சுமத்துவது நியாயமல்ல.

நிற்க. பிறவி நோய் என்றும் பரம்பரை நோய் என்றும் இரண்டு வார்த்தைகள் இருக்கின்றன. நம் மக்கள் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். பரம்பரை நோய் என்பது பெற்றவர்களிடமிருந்து ஜீன்கள் வழியாக இறங்கி வருவது. பிறவி நோய் என்பது பிறக்கும்போதே இருப்பது, அவ்வளவுதான். அது பரம்பரையாலும் வரலாம். வயிற்றிலிருக்கும்போது ஏற்பட்ட கெடுதியாலும் வரலாம். இதற்கு ஓர் உதாரணம் சொல்லுவோம். 1941ம் வருஷத்தில் ஆஸ்திரேலியாவில் கிரெக் என்ற கண் வைத்தியர், கண்ணில் புரையோடு பிறந்த குழந்தைகள் ஒரே சமயத்தில் ஏராளமாக வருவதைக் கண்டு, தாய்மார்களை விசாரித்தார். அவர்களில் அநேகர் கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் ரூபெல்லா என்ற லேசான அம்மை கண்டவர்கள். தாய்க்கு மூன்று நாள் ஜுரமும் கொஞ்சம் தடிப்பும். வயிற்றிலிருந்த குழந்தைக்கோ கண், காது, இருதயம் எல்லாம் சேதம். அந்தக் குழந்தையின் குறை பிறவிக் குறைதான். ஆனால் பரம்பரைக் குறை அல்ல. அந்தக் குடும்பத்தில் யாதொரு தோஷமும் இல்லை. அடுத்த குழந்தைக்கு அது வரவேண்டிய காரணமும் இல்லை. நம் ஊராரோ, கிரகணத்தில் வெளியே வந்தாள் என்றும், பாம்பை அடித்தாள் என்றும், முன்ஜென்ம வினை என்றும் தாயின் தலையில் பழியைப் போட்டு, அவளுடைய தங்கைக்கும் கல்யாணம் ஆகாதபடி செய்து விடுகிறார்கள்.

ரூபெல்லாவையும் தட்டம்மையையும் சேர்த்துத் தடுக்கும் ஊசி 2017ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் குழந்தைகளுக்குப் போடப்பட்டபோது, கைப்பேசி வழியாகப் பரவிய வதந்தியைக் கேட்டுக் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்திக் கொண்டவர்கள் படித்தவர்களிலும் இருந்தார்கள். பாட்டன் குதிருக்குள் ஒளித்தான். பேரன் கைப்பேசியைப் பார்த்து ஒளித்தான். இதுதான் இவர்கள் கண்ட முற்போக்கு போலும்!

இனி, எல்லாவற்றிலும் பெரிய மோசமான ஒரு வார்த்தைக்கு வருவோம். அதுதான் வித்து என்பது. ஆண் வித்து, பெண் நிலம். இது கிராமத்துப் பேச்சு மாத்திரமல்ல. மனுதர்ம சாஸ்திரத்தின் 9ம் அத்தியாயத்தில் பெண்ணை நிலமென்றும் ஆணை விதையென்றும் வைத்துக் கொண்டுதான், பிள்ளை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கையே பேசியிருக்கிறார்கள். ஐரோப்பாவிலும் இதே புத்திதான் வெகுகாலம் இருந்தது. ஹார்ட்சோக்கர் என்பவர் 1694ல் ஆணின் விந்தணுவுக்குள் ஒரு குட்டி மனிதன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பது போலப் படமே எழுதி வெளியிட்டார். அதாவது பிள்ளை முழுவதும் தகப்பனிடத்தில் இருக்கிறது. தாய் பத்து மாதத்துக்கு இடம் கொடுக்கும் வாடகை வீடு என்பது இதன் கருத்து.

இது எவ்வளவு பொய் என்பதற்கு ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக வேண்டியதில்லை. நம் விவசாயத் தோழர்கள் ஓர் அவரை விதையை ஊற வைத்து இரண்டாகப் பிளந்து பார்க்கட்டும். உள்ளே இரண்டு பருப்பும், அவற்றின் நடுவில் ஒரு சிறு முளையும் இருக்கும். அந்த முளைதான் குட்டிச் செடி. அது எப்படி உண்டாயிற்று? பூவின் மகரந்தத் தூள் சூலகத்தில் இறங்கி, அங்கிருந்த சூலோடு சேர்ந்த பிறகுதான் உண்டாயிற்று. ஆகவே விதை என்பது ஆணல்ல. ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்டான பிள்ளை அது. நிலமும் தாயல்ல. கத்தரி விதையை எந்த மண்ணில் போட்டாலும் கத்தரிதான் முளைக்கும். மண் தன்னுடைய குணத்தில் பாதியைச் செடிக்குக் கொடுப்பதில்லை. தாயோ பாதியைக் கொடுக்கிறாள். சாஸ்திரம் எழுதினவர்களுக்கு மனுஷ்ய சரீரம்தான் தெரியாது போயிற்றென்றால், செடியின் சங்கதியாவது தெரிந்ததா என்றால் அதுவுமில்லை.

1827ம் வருஷத்தில் வான் பேயர் என்ற விஞ்ஞானி முதன் முதலாகப் பாலூட்டும் பிராணியின் சினைமுட்டையைக் கண்டார். 1876 வாக்கில் ஹெர்ட்விக் என்பவர் கடல் முள்ளெலி என்ற பிராணியிடத்தில் விந்தணுவின் கருவும் முட்டையின் கருவும் ஒன்றாகக் கலப்பதைக் கண்ணால் பார்த்தார். மனிதனுடைய உயிரணு ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன என்பது 1956ல் சரியாக எண்ணப்பட்டது. அவற்றில் 23 தாயினுடையவை, 23 தகப்பனுடையவை. அளவைப் பார்த்தாலோ, முட்டைதான் பெரிது. கூர்ந்த கண்ணுக்கு ஒரு புள்ளியாகத் தெரியக் கூடியது. விந்தணுவைப் பூதக்கண்ணாடியில்லாமல் காண முடியாது. அன்றியும் உயிரணுவுக்குச் சக்தியைக் கொடுக்கிற மைட்டோகாண்ட்ரியா என்ற பாகம் தாயிடமிருந்தே வருகிறது. கணக்குப் பார்ப்பதாயிருந்தால் தாயின் பங்குதான் கூடுதல்.

பெண்ணாகவே பெற்றாள் என்று சொல்லி இரண்டாம் கல்யாணத்துக்குக் கிளம்பின புருஷர்கள் எத்தனை பேர்? மாமியாரிடம் வசவு கேட்டே காலத்தைக் கழித்த மருமகள்கள் எத்தனை பேர்? 1905ல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, மாவில் உண்டாகும் புழுக்களின் வண்டினத்தைச் சோதித்து, குஞ்சு ஆணா பெண்ணா என்பது ஆணின் விந்தணுவைப் பொறுத்தது என்று காட்டினார். மனிதரிடத்திலும் அப்படியே. தாயின் முட்டையில் எப்பொழுதும் எக்ஸ் என்ற குரோமோசோம்தான் உண்டு. தகப்பனுடைய விந்தணுவில் பாதி எக்ஸ் உடையது. பாதி ஒய் உடையது. ஒய் வந்து சேர்ந்தால் ஆண். ஆகவே பெண்ணாகப் பெற்றதற்கு ஒருவர் மேல் குற்றம் சொல்லித்தான் தீர வேண்டுமானால், மருமகளை விட்டு விட்டு மகனைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவனும் அதை வேண்டுமென்று செய்வதில்லை. காசைச் சுண்டுவது போன்ற காரியம் அது.

மலடி என்ற வார்த்தையும் இந்த வித்து நிலக் கதையிலிருந்து வந்ததுதான். விதை போட்டும் முளைக்கவில்லையென்றால் நிலம் உவர் என்று தீர்மானம். மலடன் என்ற சொல்லும் அகராதியில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எந்த வீதியிலாவது யாராவது யாரையாவது அப்படிக் கூப்பிட்டு வாசகர்கள் கேட்டதுண்டா? குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் விஷயத்தில் புருஷனிடத்திலும் குறை இருக்கிறது என்பது வைத்தியர்கள் கண்ட உண்மை. புருஷனுடைய சோதனையோ மிகவும் சுலபமானது. கத்தியில்லை, வலியில்லை, செலவும் அதிகமில்லை. இருந்தாலும் மனைவியை விரதமிருக்கச் சொல்லுவார்கள். மரத்தில் தொட்டில் கட்டச் சொல்லுவார்கள். மண்சோறு தின்னச் சொல்லுவார்கள். பிறகு ஆபரேஷன் மேஜையிலும் கிடத்துவார்கள். எல்லாம் முடிந்த பின்புதான், அதுவும் டாக்டர் வற்புறுத்தினால்தான், புருஷன் ஒரு சிறு குப்பியைக் கையில் வாங்குவான். முதல் நாளே இருவரும் சேர்ந்து சோதனை செய்து கொள்ளுவதில் எந்தக் கௌரவம் குறைந்து போய் விடும் என்பது நமக்கு விளங்கவில்லை.

இரத்தம் என்ற வார்த்தையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தன் இரத்தம், நம் ஜாதி இரத்தம் என்கிறார்கள். தாயின் இரத்தமே வயிற்றிலிருக்கும் பிள்ளையின் இரத்தத்தோடு கலந்து ஓடுவதில்லை; நச்சுக்கொடியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடி, ஆகாரத்தையும் பிராணவாயுவையும் மாற்றிக் கொள்ளுகின்றன. 1901ல் லாண்ட்ஸ்டெய்னர் என்பவர் இரத்தத்தில் வகைகள் உண்டென்று கண்டுபிடித்தார். இன்றைக்கு ஏ, பி, ஏபி, ஓ என்று நாலு பெயர்கள் இரத்தப் பையின் மேல் ஒட்டியிருக்கின்றன. ஐந்தாவதாக எந்த ஜாதியின் பெயரும் ஒட்டியிருப்பதை நாம் பார்த்ததில்லை. கூடப்பிறந்த அண்ணனுடைய இரத்தம் சேராமல் போகும். முன்பின் தெரியாதவனுடைய இரத்தம் சேர்ந்து உயிரைக் காப்பாற்றும்.

அடையாளத்தையே வியாதி என்று நினைத்துக் கொள்ளும் வார்த்தைகள் சில உண்டு. மஞ்சள் காமாலை அதில் முக்கியமானது. கண்ணும் மூத்திரமும் மஞ்சளாவது ஓர் அடையாளம். புகையைக் கண்டால் நெருப்பு இருக்கிறதென்று தெரியும். எரிவது அடுப்பா, கூரையா என்பது புகையைக் கண்டு தெரியாது. கெட்ட தண்ணீர் வழியாக வரும் ஈரல் வீக்கத்திலும் கண் மஞ்சளாகும். இரத்தத்தின் வழியாக வரும் ஈரல் வீக்கத்திலும் ஆகும். சாராயத்தால் ஈரல் கெட்டாலும் ஆகும். பித்தநீர்க் குழாயில் கல் அடைத்தாலும், கட்டி அழுத்தினாலும் ஆகும். பிறந்த குழந்தைக்கும் ஆகும். இவற்றில் தண்ணீரால் வருவது பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்து விடும். அந்தச் சமயத்தில் மந்திரித்தவனும் பெயர் வாங்குகிறான். பச்சிலை கொடுத்தவனும் பெயர் வாங்குகிறான். ஆனால் தண்ணீரால் வந்ததேயானாலும் கர்ப்பிணிக்கு அது உயிராபத்தாகக் கூடும். கல் அடைத்தவனுக்கோ மந்திரத்தால் கல் நகருவதில்லை. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் அதிகமானால் மூளை கெட்டு விடும். அதை நீல வெளிச்சத்தில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். மந்திரித்து மூன்று நாள் பார்க்கலாம் என்கிறவர்கள், அந்த மூன்று நாளில் போவது எது என்று யோசிக்க வேண்டும்.

வாயு என்ற வார்த்தையும் இப்படித்தான். நெஞ்சு அடைத்து, இடது கை கடுத்து, வேர்த்துக் கொட்டினால், வாயுப் பிடிப்பு என்று சொல்லிப் பெருங்காயத்தையோ சோடாவையோ கொடுத்துப் படுக்க வைத்து விடுகிறார்கள். இருதயத்துக்கே இரத்தம் கொண்டு போகிற குழாய் அடைபட்டு, அந்தச் சதை நிமிஷத்துக்கு நிமிஷம் செத்துக் கொண்டிருப்பதுதான் மாரடைப்பு. அடைப்பை ஒரு மணி நேரத்துக்குள் நீக்கினால் பிழைக்கும் சதை, விடிந்த பிறகு நீக்கினால் பிழைக்காது. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் ஸ்திரீகளுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் குமட்டலுமாகவும் அது வருவதுண்டு. வாயுவா, மாரடைப்பா என்று திண்ணையில் உட்கார்ந்து தீர்மானிக்க யாராலும் முடியாது. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வாயுவாகவே இருந்து விட்டால் நஷ்டம் என்ன? ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த செலவுதானே!

படித்தவர்கள் வழங்குகிற வார்த்தைகளில் கிருமி என்பது ஒன்று. பழைய நாளில் கிருமி என்றால் புழு. இப்பொழுது பாக்டீரியாவுக்கும் அதே பெயர், வைரஸுக்கும் அதே பெயர். பாக்டீரியா தானே தின்று தானே பெருகக் கூடிய ஓர் உயிரணு. வைரஸுக்கு அப்படிப்பட்ட பிழைப்பு இல்லை. வேறொரு உயிரணுவுக்குள் புகுந்து அதன் சாமான்களைக் கொண்டுதான் தன்னைப் பெருக்கிக் கொள்ளும். 1928ல் பிளெமிங் கண்ட பென்சிலினும் அதற்குப் பின் வந்த ஆண்டிபயாடிக்குகளும் பாக்டீரியாவைத்தான் கொல்லும். சளிக்கும் சாதாரண புளூ ஜுரத்துக்கும் அவற்றால் யாதொரு பயனுமில்லை. கிருமி என்ற ஒரே பெயரை வைத்துக் கொண்டு, கிருமிக்கு மருந்து கொடு என்று கடையில் கேட்டு வாங்கித் தின்று, இரண்டு நாளில் நிறுத்தியும் விடுகிறார்கள். விளைவு என்னவென்றால், மருந்துக்குச் சாகாத பாக்டீரியாக்கள் வளர்ந்து, உண்மையாகத் தேவைப்படும் நாளில் மருந்து கைவிட்டு விடுகிறது. மந்திரத்தை விட்டவர்கள் மாத்திரையை மந்திரமாக்கிக் கொண்டால் அதற்குப் பெயர் பகுத்தறிவு ஆகாது.

இன்னும் சில பெயர்கள் நோயாளியின் மேல் குற்றப் பத்திரிகையாகவே இருந்து வருகின்றன. காக்காய் வலிப்பு என்பது கால் கை வலிப்பு என்பதன் திரிபு என்று சொல்லுவார்கள். காக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பேய்க்கும் சம்பந்தமில்லை. மூளையின் உயிரணுக்களில் மின்சாரம் ஒரே சமயத்தில் தாறுமாறாகப் பாய்வதுதான் வலிப்பு. இதைத் தெய்வ நோய் என்று சொல்லுவது தப்பு என்று, ஹிப்பாக்ரட்டீஸ் பெயரால் வழங்கும் கிரேக்க நூலில் சுமார் 2400 வருஷங்களுக்கு முன்பே எழுதியிருக்கிறார்கள். நாமோ இன்றும் சாவிக் கொத்தைத் தேடிக் கொண்டிருக்கிறோம். பெரும்பாலான வலிப்பு இரண்டொரு நிமிஷத்தில் தானாகவே நிற்கும். சாவியைத் தேடி எடுத்து வர அவ்வளவு நேரம் ஆகி விடுகிறது. ஆகவே சாவிக்குப் பெருமை. செய்ய வேண்டியதெல்லாம், ஆளை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைப்பது, வாயில் ஒன்றையும் திணிக்காமலிருப்பது, ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது ஆகிய இவைதான்.

தொழுநோயைப் பெருவியாதி என்றும், பாவத்தின் சம்பளம் என்றும் சொல்லி மனிதனை ஊருக்கு வெளியே துரத்தினார்கள். 1873ல் நார்வே தேசத்து ஹான்சன் அதன் பாக்டீரியாவைக் கண்டு பிடித்தார். 100க்கு 95 பேருடைய உடம்பு அதைத் தானாகவே எதிர்த்து விடக் கூடியது. விரல்கள் அழுகி விழுகின்றன என்பதும் தப்பு. நரம்பு கெட்டு உணர்ச்சி போய் விடுவதால், சுட்டது தெரியாமலும் வெட்டினது தெரியாமலும் புண்ணாகி விரல் குறைகிறது. வேலூரில் டாக்டர் பால் பிராண்டு 1940களின் கடைசியிலிருந்து, மடங்கிப் போன கைகளைத் தசைநாரை மாற்றித் தைத்து வேலை செய்யும்படி ஆக்கிக் காட்டினார். 1981 முதல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை ஏற்பட்டு, ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ குணமாகிறது. அப்படியிருந்தும் 1898ம் வருஷத்துக் குஷ்டரோகிகள் சட்டம் 2016ல்தான் ரத்தாயிற்று. இந்த நோயைக் காட்டி விவாக ரத்துக் கேட்கலாம் என்ற விதி 2019ல்தான் நீங்கிற்று. வலிப்பு உள்ளவர்கள் கல்யாணத்துக்குத் தகுதியில்லை என்று கல்யாணச் சட்டங்களில் இருந்ததும் 1999ல்தான் எடுக்கப்பட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து அர்த்தம் மாறுவதற்கே இத்தனை காலம் ஆயிற்றென்றால், சம்பந்தம் பேசப் போகிற வீட்டுத் திண்ணையில் மாறுவதற்கு எத்தனை காலம் ஆகுமோ!

கடைசியாக டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. பூசாரி, புரியாத மந்திரத்தைச் சொல்லி ஜனங்களை மிரட்டுகிறான் என்று நாம் கண்டிக்கிறோம். ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது கொடுக்கிற சீட்டிலும் நோயின் பெயர் இங்கிலீஷில், அதுவும் இரண்டு மூன்று எழுத்துக்களாகச் சுருக்கி, கிறுக்கலாகத்தான் இருக்கிறது. அதை வாங்கி வருகிறவன் பூசாரியிடம் நின்றது போலவே டாக்டரிடமும் நின்று விட்டு வருகிறான். நோயின் பெயரைத் தமிழில் எழுதி, அது எதனால் வந்தது, தொற்றக் கூடியதா, பிள்ளைகளுக்கு இறங்கக் கூடியதா, எத்தனை நாள் மருந்து என்று நாலு வரி எழுதிக் கொடுப்பதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. அவர்கள் எழுதிக் கொடுக்காவிட்டால் நம் தோழர்கள் கேட்டு வாங்க வேண்டும். டாக்டர் முகம் சுளித்தாலும், பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்தினாலும், பதில் தெரியாமல் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது.